அப்பாவின் காசுகள்: கூட்டை உடைப்பதா, வேண்டாமா?

முரளி அண்ணன்: 📷 படம்

முரளி அண்ணன்: பங்கு பிரிக்க அப்பாவின் காசுப் பெட்டியைத் திறந்தேன். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காசைப் பாருங்கள், பச்சையாகப் புள்ளி. முன்பு இல்லை. பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் இருக்கிறது. உடைத்துத் துடைத்துவிடவா?

கவிதா: அண்ணா, அவசரப்படாதே

பிரகாஷ்: ரேடியோ ஞாபகம் வருகிறது 😄

முரளி அண்ணன்: நான் திறப்பதற்கு முன்பே அது ஓடவில்லை

அம்மா: ஓடிக்கொண்டுதான் இருந்தது

வசந்தி அத்தை: எந்தக் காசு? அண்ணன் எனக்கு ஒன்றுகூடக் காட்டியதில்லை

சித்தப்பா: முரளி, கை வைக்காதே. முதலில் இதைச் சொல். பச்சை கெட்டியாக, வழவழவென்று காசோடு ஒட்டி இருக்கிறதா, இல்லை வெளிறிப்போய்த் தூளாக இருக்கிறதா? கெட்டி என்றால் அது களிம்பு. மண்ணில் பல நூற்றாண்டு கிடந்த செம்புக் காசுக்கு அதுதான் அழகு, சுரண்டவே கூடாது. தூள் என்றால் வெண்கல நோய். செம்போடு சேர்ந்த குளோரைடு உள்ளே தங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அமிலமாகி, மேலும் செம்பைத் தின்னும். கூடு அதை நிறுத்தாது. பார்க்க மூடியிருந்தாலும் அது காற்றுப் புகாத பெட்டி இல்லை. உள்ளே இருக்கும்வரை வைத்தியமும் செய்ய முடியாது.

முரளி அண்ணன்: தூள்தான். கொஞ்சம் உதிர்ந்து கூட்டுக்குள்ளேயே கிடக்கிறது

சித்தப்பா: அப்படியென்றால் அதை வெளியே எடுத்தே ஆக வேண்டும்.

பிரகாஷ்: சித்தப்பா, இது என்ஜிசி கூடு. காசைச் சோதித்துத் தரம் போட்டு மூடிக்கொடுக்கும் நிறுவனம். உடைத்தால் அசல் என்ற உத்தரவாதம் போய்விடுமே?

சித்தப்பா: இல்லாத உத்தரவாதம் எப்படிப் போகும்? அசல் என்று தங்களுக்குப் பட்டதைத்தான் அவர்கள் கூட்டில் போடுவார்கள், அது உண்மை. ஆனால் பழங்காலக் காசுக்கு அசல் என்ற உத்தரவாதம் மட்டும் தருவதில்லை. நவீன நாணயத்துக்குப் போடும் 70 வரையிலான தர எண்ணும் இதற்குக் கிடையாது. முத்திரை விழுந்த விதத்துக்கு 5க்கு எத்தனை, மேற்பரப்புக்கு 5க்கு எத்தனை என்று தனித்தனியாகப் போடுவார்கள். எடையும் பெரும்பாலும் கூட்டுக்குள் இருக்கும் சீட்டில் இருக்கும். கூட்டோடு இருந்தால்தான் வாங்குவேன் என்பவர்கள் உண்டு, அதனால் விற்கப்போகிற காசென்றால் யோசிக்கலாம். நோய் பிடித்த காசுக்கு அந்த யோசனையே வேண்டாம்.

பிரகாஷ்: ம்

வசந்தி அத்தை: அந்த ஆந்தைக் காசு யாருக்கு?

அம்மா: அதை இப்போது பேச வேண்டாம்

வசந்தி அத்தை: கேட்டேன் அண்ணி, அவ்வளவுதான். எங்கள் அப்பா கொடுத்த பணத்தில்தானே அண்ணன் முதல் காசே வாங்கினார்

முரளி அண்ணன்: பீரோ சாவி இரண்டாவது செட் யாரிடம்?

கவிதா: என்னிடம் இல்லை

கவிதா: சித்தப்பா, ஆந்தையையும் வெளியே எடுக்கலாமா? சின்ன வயதில் அப்பா அதை என் உள்ளங்கையில் வைத்தார். அப்போது கூடு கிடையாது. அந்தக் கனம் இன்னும் நினைவிருக்கிறது.

சித்தப்பா: நீ கேட்பது நியாயம்தான் கவிதா. டெட்ராட்ராக்ம் என்கிற பழைய ஏதென்ஸ் வெள்ளிக் காசு, 17 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. கையில் வைத்தால்தான் அது காசு. விளிம்பையும் முழுதாகப் பார்க்கலாம். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி போர்த்திய போலியா என்று அந்தக் காலத்தில் வெட்டிப் பார்த்த தடம்கூட விளிம்பில் இருக்கலாம். என் பயம் வேறு. பழைய வெள்ளி சில சமயம் உள்ளுக்குள் படிகமாகி நொறுங்குகிற நிலையில் இருக்கும். கூட்டை உடைக்கும் அதிர்ச்சியிலேயே இரண்டாகிவிடலாம். அதற்கு நோய் எதுவும் இல்லை, பொறுத்துச் செய்யலாம்.

கவிதா: சரி. ஆனால் எனக்கு வேண்டும்

வசந்தி அத்தை: எல்லோருக்கும்தான்

முரளி அண்ணன்: கான்ஸ்டன்டைனை எப்படி உடைப்பது? சுத்தியல்?

சித்தப்பா: சுத்தியலைத் தொடாதே! முதலில் சீட்டு தெரிய இரண்டு பக்கமும் படம் எடு. கண்ணாடி போட்டுக்கொள். கூட்டின் ஓரத்தை, காசுக்குத் தள்ளி, நிப்பரால், அதாவது வெட்டும் குறட்டால், கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கு. ஒட்டு விட்டதும் தடித்த துணிமேல் வைத்து இரு பாதியையும் மெதுவாகப் பிரி. சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, அண்ணனிடம் இருந்த காசு என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. தூளை மரக்குச்சியால் எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இரு. வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்ந்த பிறகு ஈரத்தை இழுக்கும் சிலிக்கா ஜெல்லோடு வை. பிவிசி உறை மட்டும் வேண்டாம், அதுவே பச்சைப் பிசினாகக் கசிந்து காசைக் கெடுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறை வாங்கு.

பிரகாஷ்: 👍

அம்மா: கான்ஸ்டன்டைனை உடையுங்கள். ஆந்தை அப்படியே இருக்கட்டும்

கவிதா: எதுவரைக்கும் அம்மா?

வசந்தி அத்தை: ஞாயிறு நானும் வருகிறேன். அதுவரை யாரும் எதையும் எடுத்து வைக்க வேண்டாம்

முரளி அண்ணன்: வாருங்கள் அத்தை. நிப்பர் யாரிடம் இருக்கிறது?

பிரகாஷ்: அப்பாவின் கருவிப் பெட்டியையே சித்தப்பா எடுத்துப் போய்விட்டாரே

சித்தப்பா: எடுத்துப் போகவில்லை. அண்ணன் கொடுத்தது. கொண்டு வருகிறேன்.