நன்கொடை உண்டியல் பணத்தை யார் எண்ணுவது?

கேள்வி: ஒரு தொண்டு நிறுவனத்துக்காகத் தன்னார்வலராக நன்கொடை திரட்டப் போகிறேன். உண்டியல் பணத்தை வீட்டில் எண்ணி, என் கணக்கில் போட்டு, மொத்தமாக அனுப்பினால் போதுமா? பயணச் செலவை அதிலேயே கழித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். உண்டியலை முத்திரை பிரிக்காமல் ஒப்படையுங்கள், உறவுக்காரர் அல்லாத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை எழுதிக் கையெழுத்துப் போடட்டும், ஏனென்றால் நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான். சொந்தக் கணக்குப் பக்கமே போகாதீர்கள்.

பதில்: செலவையும் கழிக்காதீர்கள். முழுத் தொகையையும் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டித் தனியாகக் கேளுங்கள். அப்புறம், நிறுவனத்தின் அனுமதிக் கடிதமும் அடையாள அட்டையும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

பதில்: ஒரு வேலைக்கென்று கேட்டு வாங்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்புவது ரொம்பத் தப்பு. மறுத்தவரை வற்புறுத்தவும் கூடாது.