சித்திரை நடுகைக்கு முன் கோரையை என்ன செய்தீர்கள்? வன்னித் தோட்டக்காரரின் அனுபவங்கள்

கனகராயன்குளத்திலிருந்து

மழை விட்டு ஒரு கிழமை ஆகிறது. கிணற்றில் குனிந்து வாளியால் அள்ளலாம், அந்தளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. விடியப்புறம் பனி விழுந்து வேலி ஓலையெல்லாம் நனைந்து கிடக்கிறது. எல்லாரும் பொங்கலுக்கு முற்றம் கூட்டும் நாட்கள் இவை. எனக்கு வருடத்தில் முக்கியமான தோட்டவேலை இப்போதுதான். எங்கள் மண் செம்மண். ஈரம் இருக்கும்வரை வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், மாசி வெயில் ஏறினால் அலவாங்கு போட்டாலும் கிளம்பாது. சித்திரையில் கத்தரியும் வெண்டியும் வைக்கப்போகிறவர் தை முடிவதற்குள் களையை எடுத்துவிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு வருடம் போனது.

2011இல் மீளக் குடியேறி வந்தபோது காணி முழுக்கப் பற்றைக்காடு. அதை வெட்டித் துப்புரவாக்கினோம். கிணற்றடியில் மட்டும் பாய் விரித்த அளவில் கோரை நின்றது. பெரிதாக எடுக்கவில்லை. 2014இல் கூலிக்கு உழவு இயந்திரம் பிடித்து, ரொட்டவேற்றர் போட்டு அந்த இடத்தையும் சேர்த்து அடித்தோம். நிலம் மா அரித்த மாதிரி வந்ததும் எனக்குச் சரியான சந்தோசம். அடுத்த மழைக்குப் பார்த்தால் கால் ஏக்கரும் கோரை! கத்தி ஒவ்வொரு கிழங்கையும் சங்கிலியிலிருந்து அறுத்துத் தோட்டம் முழுக்க விதைத்துவிட்டுப் போயிருந்தது. அந்த வருடம் போட்ட வெங்காயத்தில் பாதிக்குப் பாதிதான் கைக்கு வந்தது.

பிறகு மருந்தடித்தோம். இலை காய்ந்தது, ஒரு மாதத்தில் திரும்ப முளைத்தது. 2015இல் கிளைபோசேட் என்ற அந்தக் களைகொல்லியைத் தடை செய்தார்கள், அதோடு அந்த வழியும் நின்றது. தடை இல்லாவிட்டாலும் நான் விட்டிருப்பேன். கிணற்றுக்குப் பக்கத்தில் அதை அடிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கேட்காது.

வழி காட்டியது என் மாமி. நான் கோரையை இலையோடு பிடித்து இழுத்துக்கொண்டு நிற்க, "பிள்ளை, நீ அதுக்குத் தலைமயிர் வெட்டிவிடுறாய்" என்றா. பிறகு புல்லுச் செருக்கும் உழவாரத்தை எடுத்துக் குந்தியிருந்து, ஒரு முளையைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணைக் கிளப்பினா. இழுக்கவில்லை, கையால் மண்ணை உதிர்த்தா. முதலில் ஒரு கறுத்த கிழங்கு, புளியங்கொட்டை அளவு. அதிலிருந்து கம்பி மாதிரி ஒரு வேர் பக்கவாட்டில் ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டே போக இன்னொரு கிழங்கு, பிறகு இன்னொன்று. மேலே ஒரு முளை, கீழே ஏழு கிழங்கு. ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினா. உள்ளே வெள்ளை, மருந்துக்கடை வாசம். நான் அதுவரை பிடுங்கியதெல்லாம் அந்த ஏழில் ஒன்றின் தலையைத்தான்.

கிண்டிய கிழங்கைக் குப்பைக்கிடங்கில் போடாமல் பழைய தகரத்தில் பரப்பி வெயிலில் போட்டோம். ஒரு கிழமையில் சுருங்கிக் கல்லானது. பத்து நாளுக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பப் போய்ப் புது முளைகளைக் கிளப்பினோம். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பில் கொஞ்சத்தைச் செலவழிக்கும், விடாமல் வெட்டினால் கடைசியில் அதற்கு மிஞ்ச ஒன்றும் இராது. அதோடு அந்த நிலத்தில் வத்தாளைக் (சர்க்கரைவள்ளிக்கிழங்கு) கொடி நட்டோம். கோரைக்கு நிழல் ஆகாது. கொடி மூடிய இடத்தில் அது வெளிறி, நூல் மாதிரித்தான் வந்தது. மூன்று தைக்குப் பிறகு அந்தக் கால் ஏக்கரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிஞ்சியது.

கிணற்றடி மேற்குப்பக்கம் இன்னும் பாக்கி. உங்கள் பக்கம் எப்படி, எது உங்களை அதிகம் அலைக்கழித்தது, சொல்லுங்கள்.

ஓமந்தையிலிருந்து

பிள்ளை, உமக்குக் கோரை, எனக்குப் பார்த்தீனியம். கோரை வயிற்றில்தான் அடிக்கும், இது ஆளையே அடிக்கும்.

இந்தப் பூண்டு இலங்கையில் முதன்முதலாக 1999இல் எங்கள் வவுனியாவில்தான் அடையாளம் காணப்பட்டது. ஊர் அமெரிக்கக் கண்டம். இந்தியாவுக்கு 1950களில் வந்தது. 1987இல் வந்த இந்தியப் படைக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு இங்கே வந்தது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். எப்படி வந்தாலும் போகிற எண்ணத்தோடு வரவில்லை.

என் தோட்டத்துக்கு வந்தது எருவோடு. கிணற்றடிப் பாத்திகளுக்கென்று வெளியாரிடம் ஒரு ட்ரக்டர் பெட்டி மாட்டெரு வாங்கிப் போட்டேன். அடுத்த மார்கழிக்கு, கரட் இலை மாதிரி அழகான கன்றுகள் வரிசையில் வந்தன. மனுசி செவ்வந்திக் கன்று என்று நினைத்துத் தண்ணீர்கூட ஊற்றினா. ஒரு மாதம் கொஞ்சம் போக, உப்புக்கல்லைத் தூவிய மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. அதை நான் வெறுங்கையால் பிடுங்கினேன். இரண்டு நாளில் முழங்கைவரை தடித்துச் சொறிந்தது, கண் இமை வீங்கியது. பேரப்பிள்ளைக்கு ஏற்கனவே இழுப்பு, அவன் அந்தக் கிழமை முழுக்க இரவில் நித்திரை கொள்ளவில்லை. நான் கொண்டுவந்து கொட்டிய எருவால் பிள்ளை மூச்சுக்குத் தவித்ததை நினைத்தால் இப்பவும் நெஞ்சு அடைக்கும்.

ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேல் விதை போடும். அதனால் பூக்க முன்னர் எடுத்தால்தான் எடுத்தது. நான் செய்வது இதுதான்: மழை விட்ட மறுநாள் காலை, மண் இளகி இருக்கும்போது, கைக்கு இறப்பர் உறை, வாய்க்கும் மூக்குக்கும் சால்வைத்துண்டு. வேரோடு வரும், அறுந்து நின்றால் அடியிலிருந்து திரும்பக் கிளைக்கும். பூத்ததை அசைக்காமல் உரப்பையைக் கவிழ்த்து மூடி, பையோடு சேர்த்துப் பிடுங்குவேன். ரோட்டோரம் வீசுவதில்லை, கிடங்கில் போட்டு எரிப்பேன். மழைக்காலம் முழுக்கச் சனிக்கிழமை தவறாமல் வேலியைச் சுற்றி ஒரு நடை. எரு வாங்கினால் அதை ஒரு மூலையில் குவித்து, நனைத்து, ஒரு மாதம் முளைக்க விட்டுப் பார்த்த பிறகுதான் பாத்திக்குப் போகும். அறுவடை மெசினும் ட்ரக்டரும் காணிக்குள் வரும்போது சில்லைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறேன். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

மல்லாவியிலிருந்து

அக்கா, கோரைக்கிழங்கில் ஆசை வைத்தது மாமி மட்டுமில்லை, காட்டுப்பன்றியும்தான். போன தையில் ஒரு இரவு என் கிணற்றடியை உழுததுபோலக் கிண்டிவிட்டுப் போனது. கோரை போனால் சரி என்று பார்த்தால் பக்கத்தில் நின்ற மரவள்ளியும் சாய்ந்து கிடக்கிறது. கிழங்கை வேலிக்கரையில் காயப்போடாமல் முற்றத்தில் வீட்டுக்குக் கிட்டப் போடுங்கோ.

வேலிக்கு நான் கிளிசரியாக் கதியால் (நட்டால் தளிர்க்கும் வேலித்தடி) போட்டிருக்கிறேன். தையில் அது நன்றாகத் தழைத்து நிற்கும். கிளையை வெட்டி இலையைப் பாத்தியில் நான்கு விரற்கடை மொத்தத்துக்குப் பரப்பிவிட்டால் புல்லு எழும்புவது குறையும், மண் ஈரமும் பங்குனிவரை நிற்கும். கோரை மட்டும் அதையும் குத்திக்கொண்டு வரும். கறுப்புப் பொலித்தீன் போட்டுப் பார்த்தேன், அதையும் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு வந்தது.

கனகராயன்குளத்திலிருந்து

தம்பி, சொன்னது நல்லதாகப் போனது. தகரம் இவ்வளவு நாளும் வேலிக்கரையில்தான் கிடந்தது, இன்றைக்கே தூக்கிவிட்டேன். ஐயா, எருவை முளைக்கவிட்டுப் பார்க்கும் யோசனை எனக்கு வரவேயில்லை. பேரன் இப்போது சுகமாக இருக்கிறானா?

மடுவிலிருந்து

ஒன்று சொல்ல வேண்டும், வேலை மும்முரத்தில் மறந்துபோவோம். பிடுங்கிப் போட்ட புல்லுக்கும்பியை இரண்டு நாள் கழித்து அள்ளப் போனேன். கும்பியின் அடியில் குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சீற்றம். கையை இழுத்துக்கொண்டு பார்த்தால், புடையன் பாம்பு. சுருண்ட உடம்பில் சங்கிலிக் கோர்வையாகப் புள்ளிகள். காய்ந்த புல்லுக்குள் கண்ணுக்குப் பிடிபடாத நிறம். என் கைக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்திருக்குமோ தெரியாது.

அன்றிலிருந்து கும்பியை அன்றன்றே அப்புறப்படுத்துவேன். முடியாவிட்டால் நீளத்தடியால் கிளறிய பிறகுதான் கை வைப்பது. காலுக்குச் சப்பாத்து. நெல் வெட்டுகிற காலத்தில் எலியைத் தேடிப் பாம்பும் வயல்கரைத் தோட்டங்களுக்கு வரும். யாருக்காவது கடித்தால் வேர், பச்சிலை என்று நேரத்தைக் கழிக்க வேண்டாம், கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

வட்டக்கச்சியிலிருந்து

கனகராயன்குளத்து அக்கா, உங்கள் பக்கத்து மழைதான் கனகராயன் ஆறாக எங்கள் இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. களை விதையும் அதோடுதான் வரும் போலிருக்கிறது! வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒவ்வொரு தடவையும் மடையடியில் புதுப்புதுப் பூண்டாக முளைக்கும். பழைய மீன்வலையை இரண்டு மடிப்பாக மடித்து மடைவாயில் கட்டினேன். ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் அதில் ஒரு கைப்பிடி குப்பை, அதற்குள் பாதி விதை. இரண்டு பருவத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது சித்திரைக்கான ஆயத்தம் பற்றி. மார்கழியில் குளம் நிரம்பி வழிவதைக் கண்டதும் மனம் பெரிதாகிவிடும், எல்லாக் காணிக்கும் விதை வாங்க ஓடுவோம். ஆனால் சித்திரையில் தொடங்கும் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. எவ்வளவு காணிக்குத் தண்ணீர் என்பது சிறுபோகக் கூட்டத்தில்தான் முடிவாகும். முன்பு ஒருமுறை கூட்டத்துக்கு முன்பே கச்சானுக்கும் மிளகாய்க்கும் விதை வாங்கி வைத்துவிட்டு, தண்ணீர்ப் பங்கு குறைந்ததும் பாதியைச் சும்மா கொடுக்க வேண்டி வந்தது. இப்போது கொப்பியில் காணியின் படத்தைக் கீறி, கிணற்றால் இறைக்கக்கூடியதைத் தனியாக, வாய்க்காலை நம்புவதைத் தனியாகக் குறிக்கிறேன். கிணற்றுப் பக்கத்துக்கு மிளகாய், கத்தரி. வாய்க்கால் பக்கத்துக்குத் தண்ணீர் குறைந்தாலும் தாங்கும் பயறும் கௌபியும். எள்ளுக்கு மிஞ்சிய ஈரமே போதும். போன வருடம் மிளகாய் நின்ற பாத்தியில் இந்த வருடம் மிளகாய் இல்லை, கத்தரி தக்காளியும் இல்லை. மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதைப் பிடிக்கும்.

நாற்றுமேடையில்தான் நான் அதிகம் நேரம் செலவழிக்கிறேன். மேடையைக் கொத்தி மட்டமாக்கி, வைக்கோல் ஒரு படை, உமி ஒரு படை என்று மாற்றி மாற்றிப் பரப்பி, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் நெருப்பு வைப்பேன். அது சுவாலை விட்டு எரியாமல் மெதுவாகப் புகைந்துகொண்டே நகர வேண்டும். மேல் மண்ணில் கிடக்கும் களை விதையும் நாற்றழுகல் பூஞ்சணமும் அந்தச் சூட்டில் போய்விடும். ஆறியதும் சாம்பலை மண்ணோடு கலந்து, தண்ணீர் தெளித்து, மாசி நடுவில் விதை. மேலே கிடுகுப் பந்தல், சுற்றிவர எறும்புக்குச் சாம்பல் வரி. ஒரு மாதத்தில் நாற்று நடுகைக்கு வரும்.

2018 மார்கழி வெள்ளம் ஞாபகம் இருக்கும். அந்த இரவில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்து என் தோட்டத்து மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. வடிந்த பிறகு மிஞ்சியது வண்டலும் யாரோ ஊர்க் களையும். அந்தத் தையில் நான் நடுகை பற்றி யோசிக்கவே இல்லை, முளைக்க முளைக்கச் செருக்குவதே வேலையாக இருந்தது. 2021இல் இரசாயனப் பசளையைத் தடை செய்தபோது அவசரத்துக்குக் கூட்டெரு செய்தேன். கிடங்கு சூடேறுவதற்கு முன்னரே அள்ளிப் போட்டதால் அதிலிருந்த சாறணையும் முட்கீரையும் பாத்தியெங்கும் வந்தன. கையை உள்ளே விட்டால் சுடுகிற அளவுக்குக் கிடங்கு கொதிக்க வேண்டும். இரண்டு மூன்று தரம் புரட்டிப் போட்டு, மண் வாசம் வந்த பிறகுதான் எடுக்கலாம். சாறணையை மட்டும் நான் முழுக்க ஒழிப்பதில்லை. இளசாக இருக்கும்போது தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தால் ஒரு நேரச் சோறு போகும்.

கனகராயன்குளத்திலிருந்து

ஓம், சாறணை வறைக்கு எங்கள் வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நேற்று ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி எடுத்தாள். அங்கே பின்வளவு முழுக்கப் பனி மூடி, மண் கல்லாக உறைந்து கிடக்கிறதாம். மே நடுப்பகுதி தாண்டித்தான் வெளியில் கன்று வைக்கலாம். அதுவரை யன்னலோரத்தில் சின்னச் சட்டியில் மிளகாய் விதை போட்டு வெளிச்சம் காட்டி வளர்ப்பாள். நான் கோரைக் கதை சொல்லச் சொல்ல, "அக்கா, உனக்கு மண் ஈரமா இருக்கு, கையை வைக்கலாம். நான் யன்னலாலே பார்த்துக்கொண்டு நிற்கிறன்" என்றாள். இங்கே இருந்தபோது களை பிடுங்கக் கூப்பிட்டால் ஒளித்து ஓடுவாள்.

வட்டக்கச்சி அண்ணை சொன்ன மாதிரி நானும் கொப்பியில் கீறிவிட்டேன். கிணற்றுக்குக் கிழக்கே திருநெல்வேலிக் கத்தரி இரண்டு பாத்தி, அதற்கடுத்து வெண்டி, வேலியோரம் பயிற்றங்காய்க்குப் பந்தல். மேற்குப்பக்கத்தில் இந்தச் சித்திரைக்கு ஒன்றும் நடப்போவதில்லை. அங்கே கோரை நிற்கிறது, வத்தாளைக் கொடிக்கு விட்டிருக்கிறேன். ஒரு போகத்துக் காய் போவது கவலைதான்.

இன்று காலை அங்கே முதல் வரிசை கிளப்பினோம். தகரத்தில் பாதிக்குக் கிழங்கு. தடியால் கிளறிப் பார்த்த பிறகே கை வைத்தோம், மடு அக்கா கவனிக்க. மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்ததால் தகரத்தைக் கோடிக்குள் இழுத்து வைத்திருக்கிறோம். நனைந்தால் திரும்ப உயிர் வந்துவிடும். நாளை வெயில் வந்தால் இரண்டாவது வரிசை. மாமி உழவாரத்தை இப்போதே தீட்டுகிறா, சத்தம் கேட்கிறது.