மெதுவாக ஆறுவதெல்லாம் ஏஜிங் ஆகிவிடுமா?

குமுளி மெத்தைக்கடை:
சில உலோகங்களைக் குளிர்வித்தால் எலக்ட்ரான் நெருக்கம் அலையலையாகக் கூடிக் குறைந்து நிற்கும். அதுதான் சார்ஜ் டென்சிட்டி அலை. அதைக் கலைத்தால் மெதுவாகத் தணிகிறது, அவ்வளவுதான், ஏஜிங் (அலை முழுவதும் சேர்ந்து, காத்திருந்த நேரத்தை நினைவில் வைத்து ஆறுவது) என்று பெயர் வேண்டாம் என்கிறார் வாத்தியார். நான் ஒப்பமாட்டேன். போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சுத் தலையணை மேல் மூட்டையை ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சாயங்காலத்துக்குள் உப்பிவிடும். ராத்திரி முழுக்க வைத்தால் மறுநாளும் பள்ளம் தெரியும். இப்படி அலை வரும் டான்டலம் ட்ரைசல்பைடு படிகத்திலும் இதே கதை. பில்யாகோவிச், லாஜோனியா, மோன்சோ குழு 1989-இல் கடுங்குளிரில் படிகத்தைச் சற்றே சூடாக்கி நிறுத்தியது. எவ்வளவு நேரம் சூட்டில் வைத்தார்களோ, அதற்கேற்ப ஆறும் வேகம் மாறியது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
தம்பி, சோதனையை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு அசுத்த அணுவும் அலையைத் தனியாகப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு பிடிக்கும் இரண்டு நிலை, நடுவில் ஓர் ஆற்றல் மேடு. ஒரு மணி நேரம் சூடாக்கினால் அதற்குள் தாண்டக்கூடியவை மட்டும் தாண்டும். திரும்பி வருவதும் அவையே. பிறகு காத்திருந்த நேரம் தெரியாமல் எப்படி இருக்கும்? வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்ற காலத்தில் ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு சிக்கல். வரிசைக்கென்று ஒரு மனசு கிடையாது.

மூணாறு எஸ்டேட்:
குறுக்கே பேசுகிறேன். உலோகம் என்கிறீர்களே, ட்ரைசல்பைடு சுமார் 220 கெல்வினுக்குக் கீழே உலோகமே இல்லை. நியோபியம் ட்ரைசெலினைடு என்ற இன்னொரு படிகம்தான் 145, 59 கெல்வினில் அலை உருவாகும் இரண்டு மாற்றங்கள் வந்தும் உலோகமாகவே நிற்கிறது.

குமுளி மெத்தைக்கடை:
சரி, அதுவே என் பக்கம்! அலை நெளியும்போது ஓடிவந்து ஈடுகட்டக் கட்டற்ற எலக்ட்ரான்கள் வேண்டும். ட்ரைசல்பைடில் குளிரக் குளிர அவை அற்றுப்போய் அலை விறைத்துவிடும். விறைத்ததை ஓரிடத்தில் அசைத்தால் தூரத்திலும் அசையாதா? உங்கள் தனித்தனி லாரி அங்கே செல்லாது சார்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
நீயே எனக்கு வழி விட்டாய். விறைத்த அலையை வலுவற்ற பிடிகளால் வளைக்க முடியாது. வலுவானவை மட்டும் மிஞ்சும், அவையும் ஒன்றுக்கொன்று எட்டத்தில். வேண்டுமானால் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போ. தனித்தனிப் பிடிகள் என்றால், மிக உயர்ந்த மேட்டையும் தாண்டிய பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் ஆறும் வேகத்தின் வளைகோடு மாறாது. மாறிக்கொண்டே போனால் நான் தோற்றேன்.

குமுளி மெத்தைக்கடை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இனி மாறாது என்று எத்தனை நாள் பார்த்துச் சொல்வீர்கள்?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
குளிரூட்டும் ஹீலியம் தீரும்வரை, தம்பி.