புதுப்பிப்பு: சங்கம் என்றதும் நிர்வாகத்துக்கு வந்த பாசம்

எங்கள் ஆலையில் வருடக்கணக்கில் சம்பளம் ஏறவில்லை, ஓவர்டைம் கணக்கும் இடிக்கிறது, அதனால் சங்கம் தொடங்கக் கையெழுத்து வாங்குகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள்.

விஷயம் கசிந்ததுமே மேலாளர்களுக்கு எங்கள் மீது திடீர்ப் பாசம். வேலை நேரத்திலேயே எல்லோரையும் உட்கார வைத்து, நாமெல்லாம் ஒரே குடும்பம், நடுவில் வெளியாள் எதற்கு என்று ஆரம்பித்து, கடைசியில் ஆலையையே மூட வேண்டி வரலாம் என்பதில் கொண்டுபோய் முடித்தார்கள். முன்னால் நின்று கையெழுத்து வாங்கிய அக்காவை இரவு ஷிப்டுக்குத் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டால் 'நிர்வாகத் தேவை'. இப்போது புதிதாக ஒரு 'ஊழியர் நலக் குழு' வேறு. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? ஹெச்ஆர் மேலாளர்!

இது பழைய வித்தைதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கை, முதலாளியின் பிடியில் சங்கம் உருவாக்குவதை 1949லேயே தலையீடு என்று சொல்லிவிட்டது. சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்குவதற்கு எதிராகவும் பாதுகாப்பு தரச் சொல்கிறது. என்ன, அமெரிக்காவும் இந்தியாவும் இன்னும் அதை ஏற்கவில்லை, பெரிய நாடுகளின் லட்சணம் இது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். சம்பளச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஓவர்டைமுக்கும் சாதாரண மணி நேரக் கூலியையே போட்டிருப்பது தெரிந்தது. 1919இல் வந்த முதல் உடன்படிக்கையே குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்கிறது. ஷிப்ட் மாற்றிய உத்தரவையும் நகலெடுத்து வைத்திருக்கிறோம். பயந்து பின்வாங்கிய சிலர், சீட்டைப் பார்த்த பிறகு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள்.