சைவக் கிரேவி கெட்டியாகவும் ருசியாகவும் வர: உங்கள் கைப்பக்குவத்தை எழுதுங்கோ

வெள்ளவத்தை மரக்கறி:

கொழும்பில் மரக்கறிக் கொத்து ரொட்டி வாங்குகிறவர்களுக்கு இது தெரிந்த விசயம். கொத்துக்குள் மச்சம் இராது. ஆனால் கூடவே சின்னப் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தருகிற கிரேவி பல கடைகளில் கோழிச் சட்டியில் அள்ளினது. "துண்டு ஒண்டும் இல்லை, வெறும் கிரேவிதான்" என்று சொல்லியே தருவார்கள். சைவக்காரருக்கு அது சரிவராது. கொத்தைக் கடையில் எடுத்தாலும் கிரேவியை வீட்டில் வையுங்கோ.

வீட்டில் வைக்கிறபோது பெரும்பாலும் பிழைக்கிற இடம் ஒன்று உண்டு. கோழிக்கறிக்குச் செய்கிற அதே கூட்டைப் போட்டு, கோழியை மட்டும் விட்டுவிடுவது. தண்ணியாக, தூள் மணம் மட்டும் தூக்கலாக ஒரு குழம்பு வரும். எலும்பும் சவ்வும் வேகும்போது ஜெலற்றின் கரைந்துதான் இறைச்சிக் கிரேவிக்கு அந்த ஒட்டும் தன்மை வருகிறது. கொழுப்பு உருகித் தூளின் வாசத்தைப் பிடித்து வைக்கிறது. இறைச்சி வதங்கும்போது சட்டியின் அடியில் பிடிக்கிற மண்ணிறப் படைதான் அடி ருசி. இறைச்சியை எடுத்தால் மூன்றும் சேர்ந்தே போய்விடும். மூன்றுக்கும் தனித்தனியே வேறொன்றைக் கொடுக்க வேண்டும்.

கொத்துக்கு, நாலு பேருக்கான அளவு இது. பம்பாய் வெங்காயம் பெரிது 2, தக்காளி 2, உள்ளி 6 பல்லு, ஒரு அங்குல இஞ்சி, கறிவேப்பிலை 2 நெட்டு, ரம்பை இலை 2 அங்குலத் துண்டு, கறுவா ஒரு துண்டு, ஏலம் 2, கராம்பு 2, எண்ணெய் 3 மேசைக்கரண்டி, மைசூர்ப் பருப்பு 3 மேசைக்கரண்டி, வறுத்த கறித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் கால் தேக்கரண்டி, தேங்காயின் இரண்டாம் பால் 2 கப், முதற்பால் அரைக் கப்.

பருப்பை ஒரு கப் தண்ணீரில் மஞ்சளோடு தனியாக அவித்துக் கரைய விடுங்கோ. தக்காளியோடு சேர்த்து அவிக்கக்கூடாது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு லேசில் மசியாது, அரைவேக்காடாகவே நிற்கும். இந்தப் பருப்புத்தான் ஜெலற்றின் இருந்த இடத்தை நிரப்பப் போகிறது, அதனால் நன்றாகக் கரைந்தே ஆக வேண்டும்.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, நடுத்தரத்துக்குக் குறைந்த நெருப்பில் 15 முதல் 20 நிமிடம் வதக்குங்கோ. பொன்னிறத்தில் நிறுத்த வேண்டாம், மண்ணிறத்துக்கே போக வேண்டும். தாச்சியின் அடியில் பிடிக்கத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து அகப்பையால் சுரண்டுங்கோ. அடியில் பிடித்தது கரைந்து வெங்காயத்தோடு சேரும். திரும்பப் பிடிக்கும், திரும்பச் சுரண்டுங்கோ. மூன்று நாலு தரம் இப்படிச் செய்தால்தான் நிறமும் ருசியும் ஏறும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எதைப் போட்டும் ஈடுகட்ட முடியாது.

இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, வாசனைச் சரக்குகள் போட்டு ஒரு நிமிடம் வதக்கியபின் தாச்சியை அடுப்பால் இறக்கித் தூளைப் போடுங்கோ. வறுத்த தூள் ஏற்கெனவே நிறம் ஏறினது, கொதிக்கிற எண்ணெயில் அரை நிமிடத்தில் கருகிக் கசக்கும். இறக்கி வைத்த சூடே போதும். உடனே தக்காளி போட்டு அடுப்பில் ஏற்றி, எண்ணெய் ஓரத்தில் கசியும் வரை மசியுங்கோ. பிறகு கரைந்த பருப்பும் இரண்டாம் பாலும் விட்டு, மூடாமல் 12 நிமிடமளவில் கொதிக்கட்டும். கடைசியில் முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்கலாம்.

கொட்டாஞ்சேனை அடுப்பு:

அக்கா சொன்ன முறையில் ஒரு குறை இல்லை. ஆனால் கடைக் கிரேவியின் அந்தக் கறுத்த நிறத்துக்கு வறுத்த தேங்காயும் அரிசியும் வேணும். சிங்கள ஆட்கள் கறுப்புக் கறிக்குப் போடுறதும் அதுதான்.

பச்சையரிசி 1 மேசைக்கரண்டியை வெறும் தாச்சியில் முதலில் வறுங்க. அரிசி வெள்ளையாகிப் பிறகு மஞ்சளுக்கு மாறும்போது தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, மிளகு 8 சேருங்க. அரிசிக்கு நேரம் கூட எடுக்கும், அதனால் ஒன்றாகப் போட்டால் தேங்காய் கருகிப்போகும், அரிசி வேகாமல் நிற்கும். கையெடுக்காமல் கிண்டணும். தேங்காய்ப்பூ ஈரம் விடும்வரை ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். ஈரம் போனதும் மளமளவென்று நிறம் ஏறும், அப்போது நெருப்பைக் குறைச்சிடுங்க. கடும் மண்ணிறமாகி, தேங்காயில் எண்ணெய் மினுங்கத் தொடங்கினதும் உடனே வேறு பாத்திரத்தில் கொட்டணும். தாச்சியிலேயே விட்டால் அதன் சூட்டில் கருகிவிடும். ஆறினபின் கொஞ்சத் தண்ணீர் விட்டுப் பசையாக அரைச்சு, இரண்டாம் பாலோடு சேர்த்துக் கொதிக்க விடுங்க.

இதைப் போட்டால் பருப்பை 2 மேசைக்கரண்டியாகக் குறைக்கணும். இரண்டும் கெட்டிப்படுத்துற சாமான், கூடினால் கிரேவி களியாகிடும்.

தெஹிவளைக் காளான்:

மேலே உள்ள இரண்டும் கொத்துக்கும் ரொட்டிக்கும் அருமை. ஆனால் உருளைக்கிழங்கு மசியலுக்கோ, அவித்த மரக்கறிக்கோ, பாண் துண்டுக்கோ ஊற்றுகிற மண்ணிறக் கிரேவி என்றால் தேங்காய்ப்பாலும் சரக்குத்தூளும் சேராது. அதற்குக் காளான்தான் சரி. சிப்பிக் காளான் இங்கே சந்தையிலும் சுப்பர்மார்க்கட்டிலும் தாராளமாகக் கிடைக்கும். மொட்டுக் காளானும் பாவிக்கலாம்.

காய்ந்த ஷிடாக்கே காளான் 4 எடுத்து 2 கப் குளிர்ந்த தண்ணீரில் ஆகக் குறைந்தது 4 மணித்தியாலம் ஊறப்போடுங்கோ, இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. சுடுதண்ணீரில் ஊறப்போட்டால் கெதியாக மெதுக்கும், ஆனால் சாறு அவ்வளவு ருசிப்படாது. ஊறிய தண்ணீரை மெதுவாக வடித்து எடுங்கோ, அடியில் மண் நிற்கும், அதை விட்டுவிடுங்கோ. இந்தச் சாறுதான் இறைச்சிச் சாற்றுக்கு ஈடு. காய்ந்த ஷிடாக்கேயில் குவானிலேற் என்கிற ருசி தருகிற பொருள் இருக்கிறது. சோயா சோஸ், தக்காளி, மார்மைட் இவற்றில் குளுற்றமேற் என்கிற இன்னொரு ருசிப் பொருள் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ருசி தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு தூக்கும். ஆகவே ஒன்றைக் கூட்டிப் போடுவதைவிட இரண்டிலும் கொஞ்சம் போடுவது புத்தி.

200 கிராம் சிப்பிக் காளானைக் கையால் கிழித்து, எண்ணெய் இல்லாமல் சூடான தாச்சியில் பரப்பிப் போடுங்கோ. தண்ணீர் விடும், அது வற்றட்டும். வற்றினபின் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு ஓரம் சிவக்க வதக்குங்கோ. தாச்சி சின்னது என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கோ. நெரித்துப் போட்டால் காளான் தன் தண்ணீரிலேயே அவியும், சிவக்காது. அவிந்த காளானில் ருசி இல்லை.

வதக்கியதை எடுத்து வைத்துவிட்டு அதே தாச்சியில் பட்டர் 2 மேசைக்கரண்டி, கோதுமை மா 2 மேசைக்கரண்டி. மெல்லிய நெருப்பில் கிண்டிக்கொண்டே இருங்கோ. முதலில் மா மணம், பிறகு அது போய் வறுத்த கச்சான் மணம் வரும். நிறமும் கச்சான் தோல் போலச் சிவக்கட்டும். 2 கப் சாற்றுக்கு இந்த அளவு ஊற்றுகிற பதத்தைத் தரும். மாவை அதைவிடக் கறுக்க வறுத்தால் கெட்டிப்படுத்துகிற சக்தி குறையும், அப்போது அரை மேசைக்கரண்டி மா கூட்ட வேண்டும்.

கட்டி விழுவது இந்த இடத்தில்தான். கொதிக்கிற மாவில் கொதிக்கிற சாற்றை ஒரே தடவையில் ஊற்றினால் மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மா அப்படியே நிற்கும். சாறு ஆறியிருக்க வேண்டும். முதலில் கால் கப் விட்டுப் பசையாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கோ. சோயா சோஸ் 2 தேக்கரண்டி, மார்மைட் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள், வதக்கிய காளான், நறுக்கிய ஷிடாக்கே போட்டு 8 நிமிடம் மெல்லக் கொதிக்கட்டும். உப்பைக் கடைசிவரை தொட வேண்டாம். சோஸும் மார்மைட்டும் போதிய உப்போடுதான் வருகின்றன.

பட்டரும் ஆகாது என்கிறவர்கள் தேங்காய் எண்ணெய் தவிர்ந்த எந்த எண்ணெயும் பாவிக்கலாம். தேங்காய் எண்ணெயின் மணம் இந்தக் கிரேவியில் ஒட்டாது.

லேபல் பார்க்கிறவர்:

நல்ல விளக்கம். கடைச் சாமான் வாங்குகிறவர்களுக்குச் சிலது.

வூஸ்டர்ஷயர் சோஸில் நெத்தலி வகை மீன் சேர்ப்பது வழமை. ஒய்ஸ்டர் சோஸ் சிப்பிச் சாற்றில் செய்தது, காளானில் செய்த சைவ வகையும் உண்டு, போத்தலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கோ. சூப் கட்டிகளில் மரக்கறிப் படம் இருந்தாலும் உள்ளடக்கத்தை வாசிக்க வேண்டும். சோயாமீற் பக்கற்றில் சோயா சைவம்தான், கூட வருகிற சுவைத்தூள்தான் சந்தேகம். அதைத் தூர வைத்துவிட்டு வீட்டுத் தூளைப் போட்டால் பிரச்சினையே இல்லை. இந்தியாவிலிருந்து வருகிற பக்கற் என்றால் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கும், அது சைவம். பாலும் தவிர்க்கிறவர்கள் தேங்காய்ப்பால் மாவின் லேபலையும் பாருங்கோ, சிலவற்றில் பால் புரதமான கேசினேற் சேர்க்கிறார்கள்.

சாப்பாட்டுக் கடையில் மாசிக் கருவாடுதான் பெரிய தொல்லை. பருப்புக்கறி, சம்பல், கீரைச் சுண்டல் எல்லாவற்றிலும் தூவி விடுவார்கள். சிங்களத்தில் "எலவலு" (மரக்கறி) என்று மட்டும் கேட்டால் போதாது, உம்பலகட (மாசி) போட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும். மாசி போட்ட பருப்பைச் சைவம் என்றே நினைத்துத் தருகிறவர்கள் உண்டு. ஏமாற்றுகிற நோக்கம் இல்லை, அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, சரக்கு.

ரம்பை:

முதற்பால் விட்டவுடன் திரைந்து, மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகப் பிரிகிறது. கிரேவியில் தக்காளியோடு பழப்புளியும் விடுகிறேன். அதனாலா?

வெள்ளவத்தை மரக்கறி:

புளி ஒரு காரணம் தங்கச்சி, கொதி இன்னொரு காரணம். தேங்காய்ப்பாலில் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரில் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். பலமாகக் கொதித்தால் அந்தப் புரதம் உறைந்து கொழுப்பைக் கைவிட்டுவிடும். புளிப்பு அதை இன்னும் சுறுக்காக்கும்.

புளியை இரண்டாம் பாலுக்கு முன்னமே விட்டுப் பச்சை மணம் போகக் கொதிக்க வைத்துவிடுங்கோ. முதற்பாலில் அரைத் தேக்கரண்டி அரிசி மா கரைத்து, அதற்குள் ஒரு அகப்பை சூட்டுக் கிரேவியை விட்டுக் கலக்கி, பிறகு நெருப்பை ஆகக் குறைத்துச் சட்டிக்குள் விடுங்கோ. மா சேர்ந்த பால் லேசில் திரையாது. மூடி போட வேண்டாம், அகப்பையை எடுக்க வேண்டாம், ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்குங்கோ. தேசிக்காய் பிழிவதென்றால் இறக்கி இரண்டு நிமிடம் ஆறினபிறகு, சொதிக்குச் செய்கிற மாதிரி.

வறுத்த தூள் கிரேவியில் மேலே மெல்லிய சிவப்பு எண்ணெய் மிதந்தால் அது பிழையில்லை. வெள்ளைத் துணுக்கு மிதந்தால்தான் திரைந்தது.

செட்டியார் தெரு:

கந்தசஷ்டிக்கும் வெள்ளிக்கிழமைக்கும் உள்ளி, வெங்காயம் சேர்க்காதவர்கள் பலர் இருக்கிறீர்கள். மேலே சொன்ன கொத்துக் கிரேவி வெங்காயத்தில்தான் நிற்கிறது, அதனால் இது தனி.

மஞ்சள் பூசணி 200 கிராமைச் சின்னத் துண்டாக்கி எண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, அரைவாசியை மசியுங்கோ. வெங்காயம் தருகிற இனிப்பும் கெட்டியும் இதில் வந்துவிடும். 10 கஜுவைச் சுடுதண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து அரைத்தால் கொழுப்பும் வழவழப்பும் கிடைக்கும். பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, கட்டாயம் சூடான எண்ணெயில் பொரிய வேண்டும். குழம்பு கொதிக்கும்போது தூவினால் பச்சை வாடை போகாது. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும், கட்டிப் பெருங்காயத்திலும் இருக்கலாம், கோதுமை ஆகாதவர்கள் லேபலைப் பார்த்துக் கோதுமை சேராததை வாங்குங்கோ.

புளிப்புக்குத் தக்காளி போதும். பூசணியின் இனிப்பு தூக்கினால் மிளகை அரைத் தேக்கரண்டி கூட்டுங்கோ, மிளகாயை அல்ல.

கொட்டாஞ்சேனை அடுப்பு:

சோயாமீற் போட்டுச் செய்யுறவங்களுக்கு ஒரு வார்த்தை. உப்புப் போட்ட சுடுதண்ணீரில் 15 நிமிடம் ஊறவைச்சு, பிழிஞ்சு, பச்சைத் தண்ணீரில் இரண்டு தரம் அலசித் திரும்பப் பிழியணும். அந்தச் சோயா வாடை போறது பிழியுறதில்தான். பிறகு எண்ணெயில் ஓரம் முறுகப் பொரிச்சுத்தான் கிரேவிக்குள் போடணும். நேரே போட்டால் கிரேவியைக் குடிச்சு ஊதிக் கிடக்கும், சட்டியில் குழம்பு மிஞ்சாது. அப்படியும் கொஞ்சம் குடிக்கும், இரண்டாம் பாலை அரைக் கப் கூட்டி வைங்க.

தெஹிவளைக் காளான்:

கூடச் செய்து வைக்கிறவர்கள் கவனியுங்கோ. தேங்காய்ப்பால் விட்ட கிரேவியை உறைய வைத்தால் எடுத்து உருக்கும்போது பிரிந்துபோகும். பருப்பும் வதக்கிய கூட்டும் சேர்ந்த கட்டத்தில், பால் எதுவும் விடாமல், ஒரு கப் அளவில் பெட்டிகளில் உறைய வையுங்கோ. சோள மா கரைத்த கிரேவியையும் உறைய வைக்கக்கூடாது, தண்ணீர் விட்டுப் பஞ்சாகும். கோதுமை மாக் கிரேவி கொஞ்சம் தாங்கும், சூடாக்கி நன்றாக அடித்தால் ஓரளவு சேரும். பிரிஜ்ஜில் வெறுமனே வைப்பதென்றால் சுறுக்காக ஆறவைத்து மூடி வைத்து 2 நாளுக்குள் முடித்துவிடுங்கோ.

பருப்புக் கிரேவி அடுத்த நாள் இறுகும். கொதிக்கிற தண்ணீர் கால் கப் கால் கப்பாக விட்டு இளக்கி, உப்பை அதற்குப் பிறகு பாருங்கோ.