புதுப்பிப்பு: காரைக்குடிப் பக்கம் கதை சொல்லப் போன கதை

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் கதை சொல்ல எந்த வாத்தியம் சரிவரும் என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, நீங்கள் சொன்னபடி கஞ்சிராவே (ஒரு கையில் பிடித்துத் தட்டும் சின்னத் தோல் வாத்தியம்) எடுத்துப் போனேன். மைக் ஐந்தே நிமிடத்தில் படுத்துவிட்டது, ஒருவகையில் நல்லதுதான். சுருதி இறக்கத் தோலில் தண்ணீர் தடவியதும் ஒரு வாண்டு, "சார், அதுக்குத் தாகமா?" என்றான்.

கதை, இந்தப் பக்கத்து வீடுகளில் தரைக்குப் போடும் ஆத்தங்குடி டைல்ஸில் இருக்கும் பூவைப் பற்றி. பூவைச் சூளையில் சுட்டார்கள் என்று நான் அளந்துவிட, நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சுட மாட்டாங்க சார், கண்ணாடி மேல சாயத்த ஊத்தி, அதுமேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊறவச்சு வெயில்ல காயவைப்பாங்க, எங்கப்பாவுக்கு அதான் வேலை" என்றாளே பார்க்கணும்! அப்புறம் கதையே மாறிவிட்டது: பூ கண்ணாடியில் குப்புறப் படுத்துத் தன் முகத்தைப் பார்த்தபடியே பிறக்கிறது.

1922-ல் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த ராயவரமும் இந்தச் செட்டிநாட்டு ஊர்தானே, தாளம் போட்டால் பிள்ளைகள் தானாகப் பாட்டு வரி கட்டுகிறார்கள். ஒன்றாம் வகுப்பு மட்டும் இருபது நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தது. அடுத்த முறை அவர்களுக்குத் தனியாக.