லெமே குண்டுவீச்சு உயரத்தைக் குறைத்தது கட்டாயமா, விருப்பமா?

பருந்து:
இரண்டாம் உலகப் போரில் டோக்கியோவை எரித்த அமெரிக்க விமானப்படைத் தளபதி என்பதோடு கர்ட்டிஸ் லெமேயை முடித்துவிடாதீர்கள். 1942 நவம்பரில் ஜெர்மனி பிடித்திருந்த பிரெஞ்சுத் துறைமுகம் செயின்ட் நசேர் மீது, விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பயந்து வளைந்து பறந்த வழக்கத்தை நிறுத்தி, தன் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஏழு நிமிடம் நேர்கோட்டில் போகவைத்தார். முதல் விமானத்தில் அவரே இருந்தார். 1945 மார்ச் 9 இரவு டோக்கியோ மேல் பெரிய பி-29 குண்டுவீச்சு விமானங்களை 5,000–9,000 அடிக்கு இறக்கியதும், குண்டு இலக்கில் விழ வேண்டும் என்ற அதே கணக்குதான். 30,000 அடியில் ஜெட் காற்று என்ற அதிவேக மேல்காற்று பின்னாலிருந்து தள்ளினால், தரைவேகம் குண்டுக்குக் குறிபார்க்கும் நார்டன் கருவியின் கணக்கைத் தாண்டிவிடும்.

குறிஞ்சி:
ஒப்பவில்லை. 1944 நவம்பர் 5 அன்று கரக்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு அனுப்பிய பி-29கள் பகலில் உயரத்திலிருந்தே கப்பல் பழுதுபார்க்கும் டிரை டாக்கின் கதவை உடைத்தன. மூன்று மாதம் அது வேலை செய்யவில்லை. அனுப்பியவர் லெமேயேதான். அவருக்கு முன் பசிபிக் தீவான குவாமில் தளபதியாக இருந்த ஹான்செல், 1945 ஜனவரி 19-ல் 62 விமானங்களால் ஜப்பானின் அகாஷி விமான எஞ்சின் ஆலையை முடக்கினார். மறுநாளே பதவி போனது.

பருந்து:
சிங்கப்பூர் மேல் ஜெட் காற்று கிடையாதே. ஜப்பானை நோக்கி 1944 நவம்பர் 24-ல் கிளம்பிய 111 விமானங்களில், டோக்கியோ அருகே முசாஷினோ விமான எஞ்சின் ஆலை மேல் குண்டு போட்டவை 24தான். அகாஷி ஒரு நல்ல நாள், அவ்வளவுதான்.

நட்டுபோல்ட்டு:
எஞ்சினை மறக்காதீர்கள். பி-29-இன் ஆர்-3350 எஞ்சினை முழுச் சுமையோடு 30,000 அடிக்கு ஏற்றினால் பின்வரிசை சிலிண்டர்கள் கொதிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். தீப்பிடித்தால் மெக்னீசியம் உறை அணையாது. தாழப் பறந்தால் எரிபொருள் மிச்சம். வால் துப்பாக்கி தவிர மற்றதையும் தோட்டாவையும் கழற்றியதில் இன்னும் எடை மிச்சம், எல்லாம் குண்டாகப் போனது. அந்த மார்ச் இரவு 334 விமானங்கள் கிளம்பி 14தான் திரும்பவில்லை.

குறிஞ்சி:
எஞ்சின் கணக்கு சரி. ஆனால் அந்தக் குண்டு என்ன குண்டு? ஒரு ஈ-46 கொத்தில் 38 எம்-69 தீக்குண்டுகள், 2,000 அடி சுமாரில் பிரிந்து சிதறும். விமானம் கடக்கும் ஒவ்வொரு 50 அடிக்கும் ஒரு கொத்து விடும். மரவீட்டுத் தெருக்களை எரிக்கவே இந்த அமைப்பு. சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். உயரத்தைக் குறைக்கக் காற்று காரணம் என்றே வைப்போம். ஆலையிலிருந்து நகருக்கு இலக்கை மாற்றக் காற்று காரணமில்லை.

பருந்து:
மார்ச்சில் பி-29களில் இருந்த ஏபிக்யூ-13 ரேடாரில் கடற்கரைக் கோடுதான் தெளிவாகத் தெரியும், ஆலை தெரியாது. இன்னும் தெளிவாகக் காட்டும் ஈகிள் ரேடாரோடு 315வது விங் (விமானப்படைப் பிரிவு) தாக்குதலில் இறங்கியது ஜூன் கடைசியில்தான். வந்ததும் லெமே அதை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கே அனுப்பினார். ஜூலையில் ஷிமோட்சு ஆலை கிட்டத்தட்ட முழுக்கப் போனது, இரவில், துல்லியமாக.

குறிஞ்சி:
அந்த ஒரு விங் ஆலைகளைக் குறிவைத்த அதே வாரங்களில் மற்ற நான்கு விங்குகள் எங்கே போயின? ஜூன் 17-ல் ககோஷிமா, ஓமுட்டா, ஹமமாட்சு, யொக்கைச்சி என்று சிறுநகரங்களில் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 1 இரவு டோயாமா. நகர்ப்பகுதியில் எரியாமல் தப்பியது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.